பிக்கப் வண்டியில் ஹெட் கேஸ்கெட் போனால்: கண்டுபிடிப்பது முதல் மீண்டும் ஓட்டுவது வரை

என்ஜின் பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளும், கழற்றிய பிறகு வரும் சுத்தமும் அளவெடுப்பும்தான் பெரிய பகுதி. புதிதாகச் செய்பவர்கள் இடறுவதும் அங்கேதான். புது கேஸ்கெட் போட்ட சில மாதங்களில் அதே சிலிண்டரில் மறுபடி ஊதிக்கொண்டு வந்த என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். கேஸ்கெட் மோசம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதல் கேஸ்கெட் ஏன் போனது என்று யாரும் தேடியிருக்கவில்லை.

இங்கே சொல்லும் வரிசை பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும். டார்க் எண்கள் (போல்ட்டை எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற அளவு), ஹெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கோணல் அளவு போன்றவை என்ஜினுக்கு என்ஜின் மாறும். உங்கள் என்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

1. அறிகுறி எங்கே உடைந்தது என்று சொல்லும்

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் ஒரே தகடுதான். ஆனால் சிலிண்டருக்குள் எரியும் வாயு (இங்கே எரிவாயு என்று சொல்வது இதைத்தான்), என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட், என்ஜின் ஆயில் ஆகிய மூன்றையும் அது பிரித்து வைக்கிறது. எந்த இரண்டுக்கு நடுவே தடுப்பு போனதோ, அதற்கேற்பத்தான் அறிகுறி வரும்.

எரிவாயு கூலண்டுக்குள் போனால், ரேடியேட்டரில் குமிழி வரும், கூலண்ட் ரிசர்வ் டப்பா வழியாக வெளியே தள்ளப்படும், சுமையோடு மேடு ஏறும்போது சூடு முள் ஏறும். வெளியே ஒரு சொட்டு கசிவுகூடத் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கினால், சைலன்சரில் அடர்த்தியான வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனையோடு வரும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் உதறும், பிறகு சரியாகிவிடும். இரவில் கசிந்து தேங்கிய கூலண்ட்தான் அந்த உதறலுக்குக் காரணம்.

கூலண்டும் ஆயிலும் கலந்தால், டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே மட்டும் உடைந்தால் இவை எதுவுமே இருக்காது. வண்டிக்கு இழுவை இருக்காது, ஐட்லிங்கில் நடுங்கும், அவ்வளவுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதில்தான் கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை ஹெட்டுக்கும் பேரிங்குக்கும் போகிறது.

2. ஏமாற்றும் அறிகுறிகள்

ஒரு இளைஞர் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளைப் பசையைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் ஹெட் வரை பிரித்து வைத்திருந்தார். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, கூலண்ட் அளவும் குறையவில்லை. அவர் வண்டி தினமும் நாலைந்து நிமிடம் மட்டும் ஓடும். என்ஜின் முழுச்சூடு அடையாததால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியில் படிந்திருந்தது. கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. ஆனால் ஹெட்டைத் தூக்கியாகிவிட்டது, இனி புதிதுதான் போட வேண்டும்.

மூடியில் மட்டும் பசை இருந்தால் அதை நம்பாதீர்கள். டிப்ஸ்டிக்கிலும், வடித்த ஆயிலிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர் காலையில் சைலன்சரில் வரும் ஆவி சில நிமிடங்களில் நின்றுவிடும். என்ஜின் சூடான பிறகும் நிற்காத புகைக்குத்தான் பொருள் உண்டு. ஆயிலில் கூலண்ட் கலக்க ஆயில் கூலர் உடைந்திருந்தாலும் போதும். சில வி வடிவ என்ஜின்களில், காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும் இதையே செய்யும். டீசல் பிக்கப்பில், என்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் ஓட்டையானால் கூலண்ட் குறைவு, வெள்ளைப் புகை இரண்டும் அப்படியே வரும். ஆட்டோ கியர் வண்டியில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்தால், ரேடியேட்டரில் இளஞ்சிவப்பு நிறத்தில் கூழ் மிதக்கும்.

சரி, அறிகுறியை வைத்து முடிவு செய்ய முடியாது. சோதித்தே ஆக வேண்டும்.

3. சோதனைகள்: எளிதிலிருந்து கடினத்துக்கு

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். இரவு முழுக்க ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூடுங்கள். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். என்ஜின் இன்னும் சூடாகாத நிலையில் ஹோஸ் கல் போல இறுகியிருந்தால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து வந்தது. சூடான என்ஜினில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்டதும் கூலண்ட் கொதித்து முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பெரும்பாலும் 13 முதல் 16 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரும் பிளந்துகொள்ளும். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் கசிவு உள்ளே. அப்படியே சில மணி நேரம் விட்டு, ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, பற்றவைப்பையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சிறிது சுற்றுங்கள். உடைந்த சிலிண்டரின் துவாரத்திலிருந்து கூலண்ட் பீச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றாமல் சுற்றினால், தேங்கிய திரவம் நசுங்க முடியாமல் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

மூன்றாவது, எரிவாயுச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, ஓடும் என்ஜினின் ரேடியேட்டருக்குள் இருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பது. கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்ட் அந்த நீலத் திரவத்துக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டது, அதனால் முன்பே ரேடியேட்டரில் சில சென்டிமீட்டர் கூலண்டை இறக்கி வையுங்கள். டீசல் ஐட்லிங்கில் கார்பன் டை ஆக்சைடைக் குறைவாகவே விடும். நிறம் மெதுவாக, பச்சை வரை மட்டும் மாறலாம். வண்டியைச் சுமையோடு ஓட்டிவிட்டு வந்து சோதிப்பது நல்லது.

நான்காவது, கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று கேஜால் அளப்பது. எல்லா பிளக்கும் வெளியே, பேட்டரி முழு சார்ஜில், ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கைச் சுற்று. டீசலுக்குத் தனி கேஜ் வேண்டும், ஏனென்றால் அங்கே அழுத்தம் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும், கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால், நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் லீக் டவுன் சோதனை. பிஸ்டனை மேல் மட்டத்தில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துவாரம் வழியாகக் காற்றை ஏற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். பக்கத்துச் சிலிண்டரில் காற்று சீறினால் கேஸ்கெட். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங். எந்தச் சிலிண்டர் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹெட்டைத் தூக்கியதும் அந்தத் தாள் தேவைப்படும்.

கேஸ்கெட்டா, விரிசலா என்று இந்தச் சோதனைகள் பிரித்துச் சொல்லாது. அது ஹெட் வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

4. ஏன் போனது என்று கழற்றும் முன்பே தேடுங்கள்

கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை, சூடுதான் கொல்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் இருக்கும் என்ஜினில் இது இன்னும் கடுமை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் தேய்கிறது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, பிடிப்பு தளர்ந்து, வாயு வழி கண்டுபிடித்துவிடும்.

பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டியது, ரேடியேட்டர் விசிறியை என்ஜினோடு இணைக்கும் விசிறி கிளட்ச். ஆறிய, நிறுத்திய என்ஜினில் விசிறியைக் கையால் சுழற்றுங்கள். எதிர்ப்போடு சீக்கிரம் நிற்க வேண்டும். தடையில்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அப்புறம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். மண் பாதையில் ஓடும் வண்டிகளில் அங்கே மண்ணும் பூச்சியும் உமியும் கம்பளி போல அடைத்திருக்கும். ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்க்க, சூடான நிலையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை முகப்பு முழுக்க ஓட்டுங்கள். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டை வந்தால் அங்கே குழாய்கள் அடைப்பு. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் இவை நல்லதா கெட்டதா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள், எல்லாமே எப்படியும் கையில் வரும் இடங்கள்தான்.

ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிவாயுவின் அழுத்தத்துக்கு அவை பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் கேபினுக்குச் சூடு தரும் ஹீட்டர் கோரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும், சூட்டுக்குப் புதிதாக இன்னொரு காரணத்தை நாமே சேர்த்ததாகிவிடும்.

5. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதி பிரித்த என்ஜின் ஒரு கேஸ்கெட்டுக்காக வாரக்கணக்கில் திறந்து கிடந்தால் சிலிண்டர் சுவர் துரு பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் முதலில் சேர்த்துவிடுங்கள்.

முழு டாப் கேஸ்கெட் செட், புது ஹெட் போல்ட்டுகள், ஆயில், இரண்டு ஆயில் ஃபில்டர், கூலண்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப், ஹோஸ்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். ஒன்று மட்டும் கடைசிவரை காத்திருக்கலாம். டீசலில் ஹெட் கேஸ்கெட் பல தடிமன்களில் வரும், எது என்று அளந்த பிறகுதான் தெரியும்.

கருவிகளில் டார்க் ரெஞ்ச், கோண அளவி, நேர்விளிம்புச் சட்டம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இந்த நான்குக்கும் மாற்று கிடையாது. சாதாரண ஸ்கேல் நேர்விளிம்பு ஆகாது. ஹெட்டைத் தூக்க என்ஜின் ஹாய்ஸ்ட் அல்லது இன்னொரு ஆள். பிக்கப்பின் முகப்பு உயரம், ஃபெண்டரின் மேல் சாய்ந்து கையை நீட்டி வார்ப்பிரும்பு ஹெட்டைத் தூக்கினால் முதுகு போகும். காலுக்குக் கீழே உறுதியான ஒரு மேடை போட்டுக்கொள்ளுங்கள்.

6. கழற்றுதல்

முந்தின நாள் மாலையே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அங்கே ஒரு ஸ்டட் முறிந்தால், அதை எடுப்பதற்கே ஒரு நாள் ஆகும்.

காலையில், முழுக்க ஆறிய என்ஜினில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கூலண்டையும் ஆயிலையும் வடியுங்கள். கூலண்டை மூடி வைத்துவிடுங்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடிக்கும், கொஞ்சம் போதும் உயிர் போக. பெட்ரோலில் எரிபொருள் அழுத்தத்தை இறக்குங்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரயில் டீசலில், ஓடும்போது அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும், நிறுத்தியவுடன் அந்தக் குழாயைத் தொடக்கூடாது. மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே மூடுங்கள். ஒரு மண் துகள் இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும்.

ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயர் கனெக்டருக்கும் ஹோஸுக்கும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட், ராக்கர், டேப்பெட் எல்லாம் எடுத்த வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும், ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை அவை. அட்டைப் பெட்டியில் எண் எழுதித் துளை போட்டு அதில் குத்தி வைப்பதே எளிது.

டைமிங்கை அவிழ்க்கும் முன் முதல் சிலிண்டரை மேல் மட்டத்துக்குக் கொண்டுவந்து, குறிகளைச் சரிபாருங்கள். செயின் என்ஜினில் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் பெயின்ட் புள்ளி வையுங்கள். செயினைக் கீழே விழ விட்டால் டென்ஷனர் வெளியே நீண்டுவிடும். அதைத் திரும்ப அழுத்த முன் கவரையே கழற்ற வேண்டிய என்ஜின்கள் உண்டு. கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், டென்ஷனருக்கு ஆப்பு வைக்கும் இடம் இருந்தால் வையுங்கள்.

7. ஹெட் போல்ட்டுகளும் ஹெட்டும்

இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், வெளியிலிருந்து நடுவுக்கு, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒரு போல்ட்டை முழுக்க எடுத்தால் மற்றவற்றின் இழுவையில் ஹெட் வளையும். சூடான ஹெட்டில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

பல பிக்கப்களில் என்ஜினின் பின்பகுதி கேபின் சுவருக்கு அடியில் ஒதுங்கியிருக்கும். பின்னால் உள்ள போல்ட்டுகளை மேலே உருவ இடம் இருக்காது. அவற்றை ஹெட்டிலேயே உயர்த்தி, ரப்பர் பேண்டோ டேப்போ சுற்றித் தொங்கவிட்டு, ஹெட்டோடு சேர்த்துத் தூக்குங்கள். மாட்டும்போதும் புதுப் போல்ட்டுகளை முதலிலேயே உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். இதை ஹெட்டை உட்கார வைத்த பிறகு நினைத்துக்கொள்பவர்களே அதிகம்.

ஹெட் ஒட்டிக்கொண்டால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் புது கேஸ்கெட்டுக்குக் கசிவு வழி. வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் இளகும். கீழே வைக்கும்போது இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள், திறந்த வால்வும், டீசலில் முன்சூடு தரும் குளோ பிளக்கும் அடியில் நீண்டிருக்கும்.

கழற்றி எடுக்கும் லைனர் (சிலிண்டர் சுவராக உள்ளே செருகிய குழாய்) உள்ள டீசலில், ஹெட்டை எடுத்த பிறகு, பிஸ்டன்கள் இணைந்திருக்கும் கிராங்க் தண்டைச் சுற்றக்கூடாது. பிஸ்டன் லைனரை மேலே தூக்கிவிடும், அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் போய்விடும். சுற்றியே ஆக வேண்டுமென்றால் லைனர்களை வாஷரும் போல்ட்டும் வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

8. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்

அதைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் சிலிண்டர் வளையம் ஒரே நிறத்தில், அழுந்திய தடத்தோடு இருக்கும். போன இடத்தில் வளையத்துக்குக் குறுக்கே, விரல் நக அகலத்தில், கருப்பான புகைத் தடம் தண்ணீர் துவாரம் வரை ஓடியிருக்கும். அந்த ஒரு கோடு நீங்கள் எழுதி வைத்த சிலிண்டர் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் கதை முடிந்தது. கேஸ்கெட்டில் எங்கும் தடம் இல்லை என்றால் ஹெட்டில் விரிசல் தேடுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பாலத்தில்தான் அது அதிகம் வரும்.

பிஸ்டன்களையும் பாருங்கள். கூலண்ட் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் தலை மட்டும் நீராவியில் கழுவியது போலக் கரியில்லாமல் இருக்கும்.

பால் நிறம் ஆன ஆயிலோடு வண்டி நெடுநாள் ஓடியிருந்தால், என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி ஒரு கனெக்டிங் ராட் பேரிங்கையாவது திறந்து பாருங்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பதில்லை. மேல் வேலையை முடித்த பிறகு கீழே தட்டல் சத்தம் கேட்பது வேதனையான விஷயம்.

9. சுத்தம்: அவசரப்படக்கூடாத இடம்

சிலிண்டர்களையும் ஆயில், தண்ணீர் துவாரங்களையும் துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், கேஸ்கெட் இளக்கும் திரவம், படுக்க வைத்துப் பிடித்த பிளேடு, பிரேக் கிளீனர், இவை போதும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

ட்ரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகள் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அந்த வட்டு உதிர்க்கும் பொடி அலுமினியம் ஆக்சைடு, ஆயிலோடு கலந்து பேரிங்கை அரைத்துவிடும். போதாததற்கு, மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் விழும்.

பிளாக்கில் உள்ள போல்ட் துவாரங்களைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள். அடியில் மூடிய துவாரத்தில் ஒரு ஸ்பூன் கூலண்ட் தேங்கியிருந்தாலும், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லை. பிளாக் பிளந்துகொள்ளும். பிளாக் பிளந்துபோகாவிட்டாலும், ஹெட்டை அழுத்தாமலேயே டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லிவிடும். கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொன்றையும் காற்றால் ஊதுங்கள். பிறகு மெல்லிய கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் உலர்ந்து வர வேண்டும். மரையைத் துப்புரவாக்க மரை வெட்டும் டேப்பைப் பயன்படுத்தாதீர்கள், அது உலோகத்தைச் சீவி மரையைத் தளர்த்திவிடும். மரை துடைக்கும் சேஸர் வாங்குங்கள். பழைய ஹெட் போல்ட்டின் மரையில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் அறுத்தும் செய்துகொள்ளலாம்.

முடித்ததும் சிலிண்டர் சுவர்களில் ஆயில் தடவிவிடுங்கள். துருவுக்கு ஒரு ராத்திரி போதும்.

10. அளவெடுத்தல்

நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் நீளவாக்கில் இரண்டு ஓரம், நடு, குறுக்கே, இரண்டு மூலைவிட்டம் என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். பல என்ஜின்களில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் அனுமதி. மனிதத் தலைமுடியின் பருமனே ஏறத்தாழ 0.07 மி.மீ. அதனால் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிளாக்கையும் அதே போல அளந்து பாருங்கள்.

மீறினால் மெஷின் ஷாப்பில் ஃபேஸிங், அதாவது பரப்பைச் சீவி நேராக்குவது, செய்ய வேண்டும். கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். விரிசலுக்கு அழுத்தச் சோதனை முதலில், ஃபேஸிங் அதற்குப் பிறகு. மேனுவலில் உள்ள குறைந்தபட்ச ஹெட் உயரத்துக்குக் கீழே சீவக்கூடாது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் என்றால் பரப்பு மிக மழமழப்பாக வர வேண்டும், பழைய வகை கேஸ்கெட் தாங்கும் சொரசொரப்பில் இது கசியும். சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே அனுமதியில்லை, கோணினால் மாற்ற வேண்டியதுதான்.

வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே உள்ள ஹெட் வளைந்திருந்தால், அடிப்பரப்பை மட்டும் சீவுவது பாதி வைத்தியம். கேம் உட்காரும் இடங்களும் சேர்ந்து வளைந்திருக்கும். கேப்களைப் போட்டு கேம் கையால் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

டீசலில் பிஸ்டன் மேல் மட்டத்தில் பிளாக்கைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது என்று டயல் கேஜால் அளந்து, அதற்குரிய தடிமனில் கேஸ்கெட் எடுங்கள். தடிமன் அளவு கேஸ்கெட்டின் ஓரத்தில் வெட்டுகளாகவோ துளைகளாகவோ குறிக்கப்பட்டிருக்கும். பழையதில் எத்தனை இருந்ததோ அதையே வாங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனாலும் அளந்துவிடுங்கள். மெல்லியதாகப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். தடிமனாகப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து குளிரில் ஸ்டார்ட் ஆகாது.

11. கேஸ்கெட்டை வைத்தல்

இரண்டு பரப்பையும் கடைசியாக ஒருமுறை பிரேக் கிளீனரால் துடைத்து உலர விடுங்கள். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பசையோ சீலரோ தடவக்கூடாது. கேஸ்கெட்டில் உள்ள பூச்சே போதும்.

எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று பாருங்கள். தலைகீழாக வைத்தாலும் போல்ட் துவாரங்கள் பொருந்தும் கேஸ்கெட்டுகள் உண்டு. அப்போது ஹெட்டுக்கு ஆயில் போகும் ஒரே துவாரம் மூடிக்கொள்ளும், கேம் வறண்டு பிடித்துக்கொள்ளும். பிளாக்கின் ஒவ்வொரு துவாரத்தையும் கேஸ்கெட்டின் துவாரத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். வழிகாட்டும் டவல் பின்கள் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், சில சமயம் அவை பழைய ஹெட்டோடு போய்விடும்.

பிஸ்டன்களை மேல் மட்டத்திலிருந்து கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு, ஹெட்டை நேராக, ஒரே தடவையில் இறக்குங்கள். கேஸ்கெட்டின் மேல் இழுத்து நகர்த்தினால் பூச்சு உரியும்.

12. டார்க்: பொறுமையாக

டார்க்கும் கோணமும் சேர்த்து இறுக்கும் போல்ட் என்றால் அது பெரும்பாலும் நீளும் வகை, ஒருமுறைதான். பார்க்கப் புதிது போல இருந்தாலும் அது ஏற்கெனவே நீண்டுவிட்டது, இரண்டாம் தடவை பிடிப்பு வராது அல்லது இறுக்கும்போதே அறும்.

மரைக்கும் போல்ட் தலையின் அடிப்பக்கத்துக்கும் மேனுவல் சொல்லும்படி ஆயில் தடவுங்கள். உலர்ந்த மரையில் முறுக்கின் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிவிடும், எண் சரியாகக் காட்டும், பிடிப்பு குறைவாக இருக்கும். தண்ணீர்ப் பாதைக்குள் இறங்கும் போல்ட்டுகளுக்கு மட்டும் மரை சீலர்.

நடுவிலிருந்து வெளியே சுருள் போல, பல சுற்றாக இறுக்குங்கள். உதாரணத்துக்கு, முதலில் எல்லாம் 40 நியூட்டன் மீட்டர், பிறகு எல்லாம் 90 டிகிரி, பிறகு இன்னொரு 90 டிகிரி. இது மாதிரிக்குத்தான், எண்ணை உங்கள் மேனுவலிலிருந்து எடுங்கள். கோணச் சுற்றுக்கு முன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். முடிந்ததும் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் எதையும் விடவில்லை. நடுவே போன் வந்து எழுந்து போனவர் ஒரு போல்ட்டுக்கு இரண்டாவது 90 டிகிரியை விட்டதை அந்தப் புள்ளிதான் காட்டிக்கொடுத்தது.

13. மீதியை மாட்டுதல்

டைமிங் போட்டதும், ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் நிறுத்துங்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கிறது. ஸ்பேனரை இன்னும் அழுத்துவது வால்வை வளைக்கும். சுற்றி வந்து குறிகள் மறுபடி பொருந்தினால் சரி. பிறகு வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள், ஹெட்டைச் சீவியிருந்தால் கட்டாயம்.

புது தெர்மோஸ்டாட்டையும் போடும் முன் சூடாக்கிய தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் மேல் எழுதிய வெப்பநிலையில், பல வண்டிகளில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள், திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

14. நிரப்புதல், முதல் ஸ்டார்ட்

கூலண்டைக் குழாய்த் தண்ணீரோடு கலக்க வேண்டாம், உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காற்று நீக்கும் ஸ்க்ரூ இருந்தால் குமிழியில்லாமல் கூலண்ட் வரும்வரை திறந்து வையுங்கள். ஹெட்டில் சிக்கிய காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில் உலோகம் குளிர்வதில்லை. நல்ல வேலையை முதல் பத்து நிமிடத்திலேயே கெடுத்துவிடும் தவறு இது.

புது ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு, எரிபொருளையும் பற்றவைப்பையும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்துக்கு வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். சைலன்சருக்குள் ஏற்கெனவே போயிருந்த கூலண்ட் காய்கிறது. என்ஜின் முழுச்சூடாகி நன்றாக ஓடிய பிறகும் நிற்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். சூடு முள்ளின் மேல் கண்ணை வைத்திருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும், ஹீட்டர் சூடான காற்றை ஊதும். ஹீட்டர் குளிர்ந்தே ஊதினால் உள்ளே காற்று இருக்கிறது. நிறுத்தி, ஆற விட்டு, மறுபடி நிரப்புங்கள்.

ஆயிலில் கூலண்ட் கலந்திருந்த என்ஜின் என்றால், இந்த முதல் சூட்டோடு அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இரண்டாவது ஃபில்டர் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

15. அடுத்த சில நாட்கள்

பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்கும் நீளும் போல்ட்டுக்கும் பொதுவாக மறுபடி இறுக்கும் வேலை கிடையாது. பழைய வகைக்கு மேனுவல் கேட்டால் மட்டும், அது சொல்லும் நிலையில், செய்யுங்கள். பாதுகாப்புக்கு என்று இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடும் பழக்கத்தில் போல்ட்டுகள் அறுந்திருக்கின்றன.

முதல் வாரம் சுமை ஏற்ற வேண்டாம், டிரெய்லர் இழுக்க வேண்டாம். ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், மட்டத்தை டேப்போடு ஒப்பிட்டுவிட்டு மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். முதல் இரண்டு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கலாம், மிச்சக் காற்று வெளியேறுகிறது. நிரப்பிவிட்டு டேப்பைப் புது மட்டத்துக்கு மாற்றி ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினாலோ, ஆறிய என்ஜினில் ஹோஸ் இறுகியிருந்தாலோ, எரிவாயுச் சோதனையை உடனே மறுபடி செய்யுங்கள். ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்து, ஒரு வாரமாக மட்டமும் அசையவில்லை என்றால், அந்த டேப்பை உரித்துவிட்டுச் சுமை ஏற்றலாம்.